காலிக்கு ஓசிப் பயணம்

அத்தியாயம் 6

றஹ்மத் உம்மா பயணப் பைக்குள் இரண்டாவது சேலையை மடித்து வைத்தபோதுதான் ஸுலைஹாவுக்குக் கோபம் வரத் தொடங்கியது. ஏன் என்று அப்போது அவளுக்கே தெளிவாகத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணி. தொண்ணூறில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்களுக்காகக் குறிஞ்சிப்பிட்டிப் பக்கம் கட்டிய வீட்டுத்திட்டத்தில், கடைசி வரிசையில் இருந்தது அந்த வீடு. சண்டை முடிந்து மூன்று வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் அந்த வீட்டில் அரிசி இன்னும் சாக்கிலேயே இருந்தது. நாளைக்கே தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர்கள் வைப்பது போல.

"கடிதம் வந்துதா மாமி?" என்று ஸுலைஹா கேட்டாள்.

"எங்க மகள் வருது? மத்த ஊர் ஆக்களுக்கெல்லாம் வந்திட்டு. எங்கட புன்னையடிக்குடாவுக்கு மட்டும் ஒரு துண்டும் இல்ல."

அந்தக் கடிதத்துக்காகத்தான் ஸுலைஹா வந்திருந்தாள். புத்தளம் நீதிமன்றத்துக்கு எதிரே மேசை போட்டு மனு எழுதுகிறவள் அவள். போன மாதம் பள்ளிவாசல்துறையில் காணாமற்போன ஒரு படகு இயந்திரத்தை, ஒரு மனுவிலிருந்த பொய்யை வைத்தே கண்டுபிடித்துக் கொடுத்திருந்தாள். அதற்குப் பிறகு ஆட்கள் மனுவோடு மர்மங்களையும் கொண்டுவரத் தொடங்கினார்கள். றஹ்மத் உம்மாவின் மர்மம் சின்னது. மன்னாரில் காணிக் கச்சேரி நடக்கப்போகிறது. காணி கேட்டவர்கள் அதிகாரிகளுக்கு முன்னால் நேரில் நின்று தங்கள் உரிமையைச் சொல்ல வேண்டும். அதற்குக் கூப்பிடும் கடிதம் வரவில்லை. வராவிட்டால் அவளுடைய வீடு நின்ற அரை ஏக்கர் போய்விடும். இருபத்திரண்டு வருடமாக அவள் உயிரைப் பிடித்துக்கொண்டிருப்பதே அந்த அரை ஏக்கருக்காகத்தான்.

"அது வரும்போது வரட்டும்," என்றாள் றஹ்மத் உம்மா. "இப்ப நான் காலிக்குப் போறன். மூண்டு மணிக்கு பஸ்."

"காலிக்கா?"

"ஓம் மகள். கோட்டை பாக்க. ஆரோ ஒரு நல்ல மனிசர் வயசாளிகளுக்கெண்டு சும்மா கூட்டிட்டுப் போறாராம்."

வாசற்படியில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்த சவிரிமுத்து திரும்பிப் பார்த்தான். ஐம்பத்தைந்து வயது. கற்பிட்டியில் படகை விற்று ஓட்டோ வாங்கிய கத்தோலிக்கன். ஸுலைஹா துப்புத் துலக்கப் போகிற இடத்துக்கெல்லாம் ஓட்டோவும் அவனுடைய வாயும் கூடவே போகும்.

"தலவில் அன்னம்மா கோயிலுக்கு வேனில போனாலே தலைக்கு இவ்வளவெண்டு புடுங்குறாங்கள்," என்றான். "தெக்கு முனையில கிடக்கிற காலி வரைக்கும் சும்மாவா? லாத்தா, உங்களைக் கூப்பிடல்லயா?"

"இல்ல."

"நீங்களும் புன்னையடிக்குடா ஆள்தானே?"

"எங்கட காணிக்கு நானா போன வருசமே பெமிட் எடுத்திட்டார். நான் காத்திருக்கிற ஆள் இல்ல."

அண்ணனைப் பற்றிச் சொன்ன பிறகு அவள் நிறுத்தினாள். பயணத்துக்கும் காணிக்கும் தொடர்பிருப்பது போல ஏன் பதில் சொன்னோம் என்று தோன்றியது. கையை நீட்டினாள். றஹ்மத் உம்மா பையிலிருந்து பயணத் திட்டத்தை எடுத்துக் கொடுத்தாள்.

அழகாகத் தட்டச்சு செய்திருந்தார்கள். வெள்ளி மூன்று மணிக்குப் புறப்பாடு. சனி காலை எட்டுக்குச் சாப்பாடு. ஒன்பதுக்குக் கோட்டை வாசல். ஒன்பதரைக்கு மதில்மேல் நடை. பத்துக்கு ஒல்லாந்தர் தேவாலயம். பத்தரைக்குப் பழைய வீதிகள். பதினொன்றுக்கு வெளிச்சவீடு. பன்னிரண்டேகாலுக்கு வெளிச்சவீட்டுக்கு எதிரே இருக்கும் பள்ளிவாசலில் லுஹர் தொழுகை. அதன் பிறகு சனி மாலைக்கு ஒரே சொல்: ஓய்வு. ஞாயிறுக்கும் ஒரே சொல்: திரும்புதல். அடியில் தடித்த எழுத்தில் ஒரு வரி. 'பெயருள்ளவர் மாத்திரமே வர வேண்டும். பதிலாள் ஏற்கப்படாது.'

ஸுலைஹா அதை மூன்று முறை படித்தாள்.

"முழங்கால் ஏலாத கிழடுகளை ஒன்பதரை மணி வெயிலில மதில்ல ஏத்துறானாம்," என்றான் சவிரிமுத்து. "நல்ல மனிசர்தான்."

"பின்னேரம் என்ன செய்யிறதெண்டு அவருக்குக் கவலையில்ல," என்றாள் ஸுலைஹா. "ஞாயிறைப் பத்தியும் கவலையில்ல. சனிக்கிழமை ஒன்பதிலயிருந்து பன்னிரண்டு வரைக்கும் மட்டும் ஆக்கள் காலியில நிக்கோணும். எழும்புங்க, போவம்."

*

பஸ் ஏற்பாடு செய்தவன் மிஹ்லார். புத்தளம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறை வைத்து வாடகை வாகனங்கள் ஒழுங்கு செய்து கொடுக்கிறவன். ஸுலைஹா கதிரையில் உட்கார்ந்து, முகத்தில் எதுவும் காட்டாமல் ஆரம்பித்தாள்.

"றஹ்மத் உம்மாவுக்கு கால் ஏலாது. மகள் ஃபஹ்மியாவை அனுப்பலாமா?"

"ஏலாது."

"ஏன்?"

"பேர் குடுத்தாச்சி."

"ஆருக்குக் குடுத்தாச்சி?"

மிஹ்லார் மின்விசிறியைப் பார்த்தான். சவிரிமுத்து உதவிக்கு வந்தான். "காலிக் கோட்டையில ஒல்லாந்தர் இன்னும் காவல் நிக்கிறாங்கள் போல லாத்தா. பேர் பாத்துத்தான் உள்ள விடுவாங்கள்."

"சரி, அடுத்த கிழமைக்குத் தள்ளி வைக்கலாமே," என்றாள் ஸுலைஹா. "நானூறு வருசம் நிண்ட கோட்டை ஏழு நாளைக்கு நிக்காதா?"

"இந்தச் சனிதான். சொல்லிட்டாங்க."

"இரவைக்கு எங்க தங்குறது?"

"ஒரு மண்டபம்."

"என்ன மண்டபம்?"

"அங்க போனாத் தெரியும்."

"செலவழிக்கிறது ஆர்?"

"பேர் சொல்ல விருப்பமில்லாத ஆள். வலக்கை குடுக்கிறது இடக்கைக்குத் தெரியப்படாதெண்டு நினைக்கிறவர்."

"எங்கட வேதத்திலயும் அப்பிடித்தான் சொல்லிக்கிடக்கு," என்றான் சவிரிமுத்து. "ஆனா அங்க எடுக்கிறவன்ட பேரைத் தட்டச்சடிச்சு வைக்கச் சொல்லல்ல."

ஸுலைஹா எழுந்தாள். சவிரிமுத்து எழவில்லை. குரலை இறக்கி, வியாபாரம் பேசுகிறவன் போல மேசைமேல் சாய்ந்தான். "தம்பி, வயசாளிகள் மூண்டு மணிக்கு பஸ்ஸடிக்கு நடந்து வாறதெண்டா ஆறு மணியாகும். நான் வீடு வீடாப் போய் ஏத்திக்கொண்டு வந்து விடுறன். காசு வேணாம். பேர்ப் பட்டியலைத் தாரும்."

மிஹ்லார் அதிகம் யோசிக்கவில்லை. ஓசி என்றதும் கை தானாக மேசை லாச்சிக்குப் போனது.

வெளியே வந்ததும் சவிரிமுத்து தாளை நீட்டினான். "பாத்தீங்களா லாத்தா, ஓசிக்கு ஆர்தான் மடங்கமாட்டான்?"

பத்தொன்பது பெயர்கள். பத்தொன்பதும் புன்னையடிக்குடாவில் ஒரே றோட்டுக்காரர்கள். பள்ளியிலிருந்து கடலுக்குப் போகிற கிறவல் றோட்டு. அவளும் அந்த றோட்டில் பிறந்தவள்தான்.

*

களப்போரம் ஒரு வேப்ப மர நிழலில் ஓட்டோவை நிறுத்தச் சொல்லி, மன்னார்க் கச்சேரி அலுவலக வாசலில் மனு எழுதும் நெய்னாருக்குத் தொலைபேசி எடுத்தாள். ஒரே தொழில் செய்கிறவர்கள். வருடத்தில் இரண்டு முறையாவது ஒருவருக்கொருவர் உதவுவார்கள். நெய்னார் அறிவித்தல் பலகையடிக்குப் போய், அங்கேயே நின்று வாசித்தார்.

"விசேட காணிக் கச்சேரி. புன்னையடிக்குடா, கடற்கரை வீதி. சனிக்கிழமை காலை ஒன்பதிலயிருந்து பன்னிரண்டு மணி வரைக்கும். விண்ணப்பகாரர் நேரில் வர வேண்டும். வராதவர்கள் உரிமை கோரவில்லையெனக் கருதப்பட்டு, காணி வேறு விண்ணப்பங்களுக்கு விடப்படும்." அடியிலிருந்த பெயர்களையும் இலக்கத்தோடு வாசித்தார்.

"நாளைக்கா?"

"நாளைக்குத்தான். புத்தளத்தில வேலை செய்யிற ஆக்களுக்குச் சுகமா இரிக்கட்டுமெண்டு சனிக்கிழமை வைச்சிரிக்கி. ஏன், கடிதம் வரல்லயா? எல்லாக் கடிதத்தையும் உங்கட ஊர் ஆள் ஒராள் கையெழுத்து வைச்சி எடுத்திட்டுப் போனதெண்டு பியோன் சொன்னானே. விலாசத்துக்குப் போட்டா முகாமில தொலையும், நானே குடுக்கிறன் எண்டு சொல்லிச்சாம்."

"எந்த ஆள்?"

"நான் முகம் பாக்கல்ல, கையெழுத்தும் விளங்கல்லயாம். நம்மட ஆள் எண்டுதான் சொன்னான்."

ஸுலைஹா தொலைபேசியை மடியில் வைத்தாள். நம்மட ஆள். முகத்தில் ஏறிய சூடு காது வரை போனது. தொண்ணூறில் துவக்கோடு வந்தவர்கள் ஊரை விட்டுப் போக இரண்டு மணித்தியாலம் தந்தார்கள். அந்தக் கோபத்துக்கு ஒரு முகவரி இருந்தது. அவர்கள் வேறு, நாம் வேறு. இந்தக் கோபத்துக்கு எந்தப் பக்கம் திரும்புவது?

"அந்த றோட்டு முழுக்க ஒரே துண்டாக் காலியாகுது," என்றான் சவிரிமுத்து மெதுவாக. முதல் முறையாக அவன் குரலில் விளையாட்டில்லை. "கடற்கரைக் காணி. ஆரோ ஹோட்டல் கட்டப்போறான். சரி, வாங்க, எல்லாருக்கும் போய்ச் சொல்லுவம்."

"சொன்னாப் போதாது. கடிதம் இல்லாம வாசல்லயே திருப்பி விடுவானுகள். கடிதம் வைச்சிரிக்கிற ஆள் வேணும்."

அவள் பட்டியலைக் கையில் எடுத்தாள். நெய்னார் வாசித்த பெயர்கள் விண்ணப்ப இலக்க வரிசையில் இருந்தன. இந்தப் பட்டியல் அப்படி இல்லை. அகர வரிசையும் இல்லை. வீட்டுத்திட்ட வரிசையும் இல்லை. முதல் பெயர்க்காரர் இப்போது இருப்பது இங்கே, அடுத்தவர் பாலாவியில், மூன்றாமவர் மறுபடியும் இங்கே. பள்ளியடியிலிருந்து வீடு வீடாக மனதுக்குள் நடந்து பார்த்தாள். ஊரில் எல்லோரும் அப்படித்தான் எண்ணுவார்கள், பள்ளியிலிருந்து. அதுவும் பொருந்தவில்லை.

பிறகு பட்டியலை மடியில் விரித்து வைத்துக்கொண்டாள்.

சவிரிமுத்துவுக்கு அவளுடைய மௌனங்கள் பழக்கம். ஒருமுறை பாலாவியிலிருந்து கற்பிட்டி வரை ஒரு சொல் இல்லாமல் வந்திருக்கிறாள். அவன் வெற்றிலை மடித்தான். களப்பில் ஒரு வள்ளம் போய்த் திரும்பி வந்தது. தூரத்தில் ஜும்ஆவுக்குப் பாங்கு சொன்னார்கள்.

அவள் பட்டியலைப் பள்ளிப் பக்கமிருந்து வாசிப்பதை விட்டுவிட்டு, கடல் பக்கமிருந்து வாசித்தாள்.

கடலிலிருந்து ஏறினால் வலப்பக்கம் முதல் இரண்டு வீடுகள். கிணற்றடியில் றோட்டைக் கடந்து இடப்பக்கம் மூன்று. மறுபடி வலம். பெயர்கள் மாறியிருந்தன, தகப்பனின் இடத்தில் மகன், மாமியாரின் இடத்தில் மருமகள். வீடுகள் மாறவில்லை. பள்ளி வரை போய், திரும்பி வந்து, கடைசிப் பெயர்: ஹயாத்து முகம்மது. அவருடைய வீடு கடலடியில் இருந்தது. வரிசைப்படி அவர் மூன்றாவதாக வந்திருக்க வேண்டும்.

அவள் பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"என்ன லாத்தா?"

"பள்ளி விட எத்தினை மணியாகும்?"

"ஒண்டேகால்."

"நானா வீட்டுக்கு விடுங்க."

"பகல் சோத்துக்கா?"

சவிரிமுத்து கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு வழி முழுக்க ஒரு பகிடியும் விடவில்லை.

*

அவளுடைய நானா முபாறக் ஜும்ஆ முடித்து வந்து, தொப்பியைக் கழற்றாமல் சாய்வு நாற்காலியில் இருந்தார். ஐம்பத்தெட்டு வயது. அத்தர் வாசம் அறையெல்லாம் இருந்தது. உள்ளறையில் உம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். அவருடைய மனைவி, றுமைஸா மச்சி, சோறு போடக் குசினிக்குப் போனாள்.

"என்ன தங்கச்சி, வெயில்ல வந்திரிக்கிறாய்?"

"ஒரு மனு நானா." ஸுலைஹா ஒரு வெள்ளைத் தாளையும் பேனையையும் எடுத்தாள். "எங்கட றோட்டு ஆக்கள் கடிதம் வரல்லயெண்டு சொல்லுறாங்க. எல்லாற்ற பேரையும் போட்டு மேலிடத்துக்கு எழுதப் போறன். எனக்கு நாலஞ்சு வீட்டுக்கு மேல ஞாபகம் வரல்ல. நீங்க சொல்லுங்களன்."

முபாறக் கொஞ்சம் யோசித்தார். பிறகு சிரித்தார். தங்கையின் மனு எப்படியும் திங்கட்கிழமைதானே போய்ச் சேரும். கண்ணை மூடி, விரல் மடித்துச் சொல்லத் தொடங்கினார்.

அவள் எழுதவில்லை. தாளுக்கு அடியில் மிஹ்லாரின் பட்டியல் இருந்தது. அவர் சொல்லச் சொல்ல அதில் புள்ளி வைத்துக்கொண்டே வந்தாள். ஒன்று. இரண்டு. கிணற்றடி. மூன்று. ஒரு புள்ளியும் இடம் தப்பவில்லை. பதினெட்டாவது புள்ளிக்கு வந்தபோது, தப்பாதா என்று அவள் மனம் கெஞ்சியது.

"கடைசியா ஹயாத்து முகம்மது," என்றார் முபாறக். "பத்தொம்பது."

"ஹயாத்து முகம்மது வீடு கடலடியில மூண்டாவதெல்லோ நானா? ஏன் கடைசியாச் சொல்லுறீங்க?"

"அந்தாள் எப்பவும் அரை விலைக்குத்தானே கேக்கும். அதனால வாப்பா அவருக்குக் கடைசியாத்தானே, திரும்பி வரக்குள்ள மிச்சம் இரிக்கிறதைத்தானே…"

அவர் நிறுத்தினார். கண் திறந்தது.

ஸுலைஹா புள்ளி வைத்த பட்டியலை உருவி மேசைமேல் வைத்தாள். "ஓம். வாப்பா மீன் குடுத்த வரிசை. நீங்க தராசு பிடிப்பீங்க, நான் ஓலைப்பை தூக்குவன். இந்த றோட்டை இப்பிடி எண்ணுறதுக்கு உலகத்தில ரெண்டு பேர்தான் மிச்சம். மிஹ்லாருக்கு இந்தப் பட்டியலை நான் குடுக்கல்ல."

வாசலில் நின்ற சவிரிமுத்து மெல்லுவதை நிறுத்திவிட்டான்.

முபாறக் சுற்றி வளைக்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது. "அங்க என்ன இரிக்கி சொல்லு? பத்தைக் காடு. பாம்பு. இந்தக் கிழடுகள் அங்க போய் என்ன செய்யப் போகுதுகள்? பிள்ளைகளெல்லாம் இங்க பிறந்தது. கொம்பனிக்காரன் எண்ட ஒரு துண்டை மட்டும் வாங்கமாட்டான், முழு றோட்டையும் கேக்கிறான். முடிஞ்ச பிறகு அவங்களுக்கும் ஏதாவது குடுக்கிற எண்ணம் எனக்கிரிக்கி. கோட்டையும் பாத்திட்டு வரட்டுமே. அதுகள் இந்தப் புத்தளத்தை விட்டு வேற எங்க போயிருக்குதுகள்?"

"ஏதாவது," என்றாள் ஸுலைஹா. "றஹ்மத் உம்மா இருபத்திரண்டு வருசமா அரிசியைச் சாக்கை விட்டு எடுக்கல்ல. அவவுக்கு ஏதாவது. துவக்கோட வந்தவன் முகத்துக்கு நேரா நிண்டு போகச் சொன்னான் நானா. நீங்க சோத்துப் பார்சல் கட்டிக் குடுத்து அனுப்புறீங்க. கடிதம் எங்க?"

குசினியில் கரண்டிச் சத்தம் நின்றது.

முபாறக் உள்ளறைக் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கடிதத்தைத் தாறன். பஸ்ஸை எங்க வேணுமெண்டாலும் கொண்டு போ. எண்ட பேரை மட்டும் எடுக்காத. நாளைக்கு நான் பள்ளியில முன் ஸஃப் வரிசையில நிண்டு தொழோணும். உம்மா உசிரோட இரிக்கிறா. இத மட்டும் செய்."

ஸுலைஹா பேசவில்லை. பட்டியலைப் பார்த்தபடி இருந்தாள். மணிக்கூட்டில் நிமிட முள் நகர்ந்தது. அந்த மௌனத்தைச் சம்மதமென்று எடுத்துக்கொண்டு அவர் எழுந்துபோய், அலுமாரியைத் திறந்து, இறப்பர் நாடா போட்ட கடிதக் கட்டைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தார். உறைகள் ஒன்றுகூடப் பிரிக்கப்பட்டிருக்கவில்லை.

*

மூன்று மணிக்கு மைதானத்தடியில் பஸ் நின்றது. பெருநாளைக்கு உடுப்பது போல உடுத்திருந்தார்கள். யாரோ அத்தர் பூசியிருந்தார்கள், யாரோ பிஸ்கட் பெட்டி கொண்டுவந்திருந்தார்கள். சவிரிமுத்து சொன்ன வாக்கைக் காப்பாற்றி எல்லோரையும் வீட்டிலிருந்து ஏற்றி வந்திருந்தான். ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அது அவனுக்கு எவ்வளவு கஷ்டம் என்று ஸுலைஹாவுக்குத் தெரியும்.

அவள் ஏறிக் கடிதங்களைக் கொடுத்துக்கொண்டே போனாள். றஹ்மத் உம்மா உறையைப் பிரித்துத் தாளைத் தலைகீழாகப் பிடித்தாள்.

"என்ன மகள் எழுதியிரிக்கி?"

"நாளைக்குக் காலமை ஒன்பது மணிக்கு நீங்க மன்னார்க் கச்சேரியில நிக்கோணுமாம் மாமி. நிக்காட்டிக் காணி இல்லயாம்."

முன்னால் ஒருவர் தன் கடிதத்தின் திகதியைச் சத்தமாக வாசித்தார். இருபத்தேழு நாட்களுக்கு முந்தியது.

"இவ்வளவு நாளும் இது ஆர்ட்ட இரிந்துது?" றஹ்மத் உம்மாதான் கேட்டாள்.

றோட்டோரம் முபாறக்கின் கார் வந்து நின்றிருந்தது. அவர் இறங்கி, கதவைப் பிடித்தபடி பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸுலைஹா ஜன்னல் வழியே அவரைப் பார்த்தாள். உம்மாவை நினைத்தாள். அந்த வெள்ளைத் தொப்பியை நினைத்தாள். பிறகு றஹ்மத் உம்மாவின் மடியில், இரண்டு சேலைகள் மடித்து வைத்த அந்தப் பையைப் பார்த்தாள்.

"எங்கட முபாறக் நானாட அலுமாரியில," என்றாள். "காலிப் பயணமும் அவர் போட்டதுதான். நீங்க நாளைக்கு மன்னாரில நிக்கப்படாதெண்டு."

கடைசி இருக்கையில் ஹயாத்து முகம்மது ஊன்றுகோலை ஒரு தடவை தரையில் தட்டினார். "அவண்ட வாப்பா எனக்குக் கடைசி மீன்தான் தந்தவர்," என்றார். "நாறின மீன் தந்ததில்ல."

சாரதிக்குத்தான் குழப்பம். "அப்ப எங்க போறது? எனக்குக் காலி எண்டுதானே சொன்னது."

"மன்னார் கிட்ட தம்பி, காலியை விட," என்றான் சவிரிமுத்து. "உனக்கு டீசல் மிச்சம். எடு."

முபாறக் ஓடி வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்தார். தொப்பி சரிந்திருந்தது. "பேசாம இருந்தாயே. ஒத்துக்கொண்டாய் எண்டெல்லோ கட்டைத் தந்தன்."

"நான் ஒண்டுக்கும் ஒத்துக்கொள்ளல்ல."

"உம்மாட்ட என்ன சொல்லப் போறாய்?"

பஸ் உறுமி அசைந்தது. ஸுலைஹா அவருடைய விரல்களைக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

"நான் ஞாயிறுதான் திரும்பி வருவன்," என்றாள். "அதுக்கு முதல் நீங்க போய்ச் சொல்லுங்க."